பின்புறம் எழுதிய பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய சிறுகதை ஒன்றில், இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த ஒரு குடும்பம் பஞ்சம் பிழைக்க இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்படுகிறது. காலம் 1920-களின் நடுப்பகுதி. அவர்களை ரயிலில் ஏற்றினேன், தனுஷ்கோடியில் இறக்கினேன், இறக்கிய கையோடு கப்பலில் ஏற்றிப் பொழுது சாய்வதற்குள் தலைமன்னாரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். கதாசிரியனுக்கு இதில் எல்லாம் சிரமமே கிடையாது. அவன் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. கடலும் அவன் சொன்னபடி கேட்கும்.

கதை வெளிவந்த பத்து நாட்களுக்குள் கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுத்து பள்ளிக்கூடப் பெண்ணுடையது; சொன்னவர் அவளுடைய பாட்டி. நாலே வரிதான் இருந்தது.

"ஐயா, கதை நல்லா இருந்திச்சு. ஆனா எங்க ஆளுகளை நீங்க எழுதுன மாதிரி நேரே கப்பல்ல ஏத்தல. மண்டபத்துல எறக்கி அடைச்சு வச்சாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. உங்க கதையில மண்டபம் இல்ல."

எத்தனையோ விமரிசகர்களின் கோபத்துக்கு ஆளானவன் நான். ஆனால் இந்த நாலு வரி செய்ததை அவர்களில் யாரும் செய்ததில்லை. "உங்க கதையில மண்டபம் இல்ல" என்ற வாக்கியம் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

தவறு எப்படி நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். கதை எழுதுமுன் நான் பழைய புத்தகங்களைப் புரட்டாமல் இல்லை. பாம்பன் பாலம் 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி திறக்கப்பட்டது என்பதும், அதற்கு முன் இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கினார்கள் என்பதும், பாலம் வந்தபின் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், மறுபடியும் கொழும்புவரை ரயில் என்று ஒரே டிக்கெட்டில் பிரயாணம் அமைந்தது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் காலத்து ரயில்வே வெளியீடுகளில் பாலத்தின் படமும் கப்பல் துறையின் படமும் அழகாக இருக்கின்றன. அவற்றையே நம்பினேன்.

ஆனால் ரயில்வேக்காரர்கள் அந்தப் புத்தகங்களை அச்சிட்டது உயர் வகுப்புப் பிரயாணிகளுக்காக. தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களின் வழி வேறு. அவர்களை மண்டபத்தில் இறக்கினார்கள். அங்கே இந்திய மண்ணில் இலங்கைச் சர்க்கார் நடத்திய முகாம் ஒன்று இருந்தது. காலராவும் பிளேக்கும் கடல் தாண்டிவிடக் கூடாது என்று, அம்மை குத்தி, துணிமணிகளை ஆவியில் அவித்து, சில நாட்கள் வைத்திருந்து பார்த்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். தேசப்படத்தில் எல்லை கடலுக்கு நடுவில் இருக்கிறது. அந்த ஜனங்களுக்கோ அது மண்டபத்து வேலியிலேயே ஆரம்பித்துவிட்டது.

இவ்வளவும் பிறகு தேடிப் படித்து நான் அறிந்தவை. அதற்கு முன்பே கோத்தகிரிக்குப் புறப்பட்டுவிட்டேன்.

*

அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தேயிலை கிள்ளிய விரல்கள். வீட்டு வாசலில் நின்றால் எதிரே மலைச்சரிவு முழுவதும் தேயிலை. "ஊரு மாறிச்சு தம்பி, செடி மாறல" என்று சொல்லிச் சிரித்தார். கடிதத்தில் 'ஐயா'வாக இருந்த நான் நேரில் 'தம்பி' ஆனதில் எனக்குப் பரம திருப்தி.

காப்பி குடித்து முடித்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். அதிலிருந்து மூன்று பொருள்கள் வெளியே வந்தன.

முதலாவது, காசு அளவில் ஒரு தகரத் துண்டு. அதில் எண்கள் குத்தியிருந்தன. மேலே கயிறு கோக்க ஒரு துளை. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோகையில் ஒவ்வொருவர் கழுத்திலும் இந்தத் துண்டைக் கட்டிவிடுவார்கள். எந்தத் தோட்டத்துக்கு, எத்தனையாவது ஆள் என்பதை வழியில் உள்ள உத்தியோகஸ்தர்கள் இதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆளை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. "எங்க தாத்தா இதைக் கழுத்தில மாட்டிக்கிட்டுத்தான் போனாரு. கடைசி வரைக்கும் வச்சிருந்தாரு. ஏன் தாத்தா இதைப் போயி வச்சிருக்கேன்னு கேட்டா, நான் வந்ததுக்கு வேற என்ன சாட்சி இருக்குன்னு கேப்பாரு" என்றார்.

தாத்தா கெட்டிக்காரர். சாட்சி தேவைப்படும் காலம் வரத்தான் செய்தது. 1948-இல் இலங்கைப் பாராளுமன்றம் பிரஜா உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தகப்பன் அந்த மண்ணில் பிறந்ததற்கு, அல்லது தகப்பனும் பாட்டனும் பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது அந்தச் சட்டம். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட தோட்டத் தமிழர்கள் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். மறுவருஷம் இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருஷம் இடைவிடாமல் குடியிருந்தோம் என்று நிரூபித்தால் மனுப்போடலாம் என்றார்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் மனுவில் இடம்பெற்றார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் கிடைத்தது.

வாசகர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். லயத்தின் பத்தடி அறையில் பிறந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கொழுந்து எடுத்தே கிழவியாகிப் போன ஒருத்தி, "நான் இங்கேதான் இருந்தேன்" என்பதற்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? அவள் வேலை செய்த நாட்கள் எல்லாம் செக்ரோலில் இருக்கும். செக்ரோல் துரையின் ஆபீசில் இருக்கும். தன் ஆயுள் முழுவதையும் எழுதிய புத்தகம் தன் கையில் இல்லாதவளிடம் போய்ச் சர்க்கார் அத்தாட்சி கேட்டது.

"எங்கப்பா லயத்திலதான் பொறந்தாரு. அதைப் பதிஞ்ச காயிதம் இல்லைன்னுட்டாங்க" என்றார் அந்த அம்மாள்.

இரண்டாவது பொருள், அந்தக் காயிதம் இல்லாததனால் வந்த காயிதம். 1964 அக்டோபர் 30-ந் தேதி லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் விஷயம் பிறகு பேசிக்கொள்ளலாம். அதைப் பத்து வருஷம் கழித்துப் பேசிச் சரிபாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பங்களுக்கு எண் போட்டுப் படம் ஒட்டிய குடும்ப அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையைத்தான் அந்த அம்மாள் என் கையில் வைத்தார். 1972-இல் அவர் தாய்தந்தையரோடு வந்தபோது கொண்டுவந்தது. மடித்து மடித்து நாலு துண்டாகப் பிரிந்துபோய்ப் பின்புறம் துணி ஒட்டியிருந்தது.

மூன்றாவதுதான் புகைப்படம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஹட்டன் பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்தது. திரையில் ஓர் ஏரியும் அன்னமும் வரைந்திருக்கின்றன. அதற்கு முன்னால் ஏழு பேர் விறைப்பாக நிற்கிறார்கள். குடும்ப அட்டையிலோ ஆறு பேர்தான்.

நான் எண்ணிப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார்.

"அது எங்க அண்ணே. கல்யாணமாகித் தனியா மனுப்போட்டிருந்துச்சு. அதுக்கு சிலோன் கெடைச்சிருச்சு" என்றார்.

'கிடைத்தது' என்று அவர் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியாது. அந்த ஒப்பந்தம் லட்சங்களைப் பிரித்தபோது வீடுகளையும் பிரித்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஜனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அண்ணன் ஸ்டேஷன் வரை வந்தாராம். பிறகு கடிதங்கள் வந்தன. 1977 கலவரத்துக்குப் பிறகு, தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போகிறோம் என்று ஒரு கடிதம். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

*

அங்கிருந்து திரும்பிய மாதமே தனுஷ்கோடிக்குப் போனேன். முன்பு மணலில் வண்டி கட்டிப் போக வேண்டிய இடத்துக்கு 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. ஜனங்கள் கார்களில் வந்து இறங்கி, இடிந்த மாதா கோயிலுக்கு முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐம்பத்து மூன்றாம் நாள், 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு, புயலும் கடலும் சேர்ந்து இந்த ஊரை அழித்தன. ஐந்து லட்சம் பேர் திரும்பி வர வேண்டும் என்று காகிதத்தில் எழுதியாயிற்று. அவர்களுடைய பாட்டன்மார் கப்பலேறிய துறை கடலோடு போயிற்று. திரும்பி வந்தவர்களுடைய கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. அங்கிருந்து அவர்களை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? மண்டபம் முகாமுக்கு. பாட்டனை அடைத்து வைத்த அதே முகாம்தான் பேத்தியை வரவேற்றது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகேறி வந்த அகதிகளும் அதே மண்டபத்துக்குத்தான் வந்தார்கள். போனவர்கள், திரும்பியவர்கள், ஓடி வந்தவர்கள் என்று மூன்று தலைமுறைச் சரித்திரத்துக்கு ஒரே வாசல். அந்த வாசலை விட்டுவிட்டுத்தான் நான் கதை எழுதியிருந்தேன்!

புயல் இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த பாசஞ்சர் ரயில் ஊருக்கு வெளியே அலையில் மூழ்கியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் மாண்டார்கள். டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? சாவுக்குக்கூடக் கையில் ஒரு சீட்டு வேண்டியிருக்கிறது.

ஒரு சங்குக் கடையில் பழைய புகைப்படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். புயலுக்கு முந்தைய ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் மூட்டைகளோடு நிற்கிறார்கள். "இவர்கள் யார்?" என்று கடைக்காரப் பெரியவரைக் கேட்டேன்.

"அது யாருக்குங்க தெரியும்? எல்லாரும் இதைப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாக. யாருன்னு கேட்டது நீங்கதான்" என்றார்.

*

இந்தப் பதில்தான் என் மனத்தில் இருந்த விஷயத்தைத் தெளிவாக்கிற்று.

தோட்டத்துத் தமிழர்களுக்குப் படம் இல்லாமல் போகவில்லை. கொழும்பின் வெள்ளைக்காரப் புகைப்படக் கம்பெனிகள் அவர்களை எடுத்துத் தள்ளியிருக்கின்றன. தேயிலை கிள்ளும் பெண், மூக்குத்தி அணிந்த பெண், குழந்தையை முதுகில் கட்டிய பெண். தபால் கார்டாக அச்சடித்து உலகமெங்கும் விற்றார்கள். இன்று நூலகங்களில் அவை பத்திரமாக இருக்கின்றன. படத்துக்கு அடியில் 'தமிழ்க் கூலிகள்' என்று இருக்கும், பெயர் இராது. மறுபுறம், சர்க்கார் தஸ்தாவேஜுகளும் இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலே குடியேற்றம் பற்றிய காகிதங்கள் கட்டுக் கட்டாக உண்டு. அவற்றில் தொகை இருக்கும், எண் இருக்கும், முகம் இராது.

விற்பனைக்கு எடுத்த படத்தில் முகம் இருக்கிறது. சர்க்கார் காகிதத்தில் எண் இருக்கிறது. பெயர் மட்டும் கோத்தகிரியில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. இம்மூன்றும் ஒன்று சேராமல் எல்லையோரத்து மனிதனுக்குச் சரித்திரம் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

இதை உணர்ந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நாடக விளம்பரம் என்று மற்றவர்கள் கிழித்துப் போடுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ சர்வகலாசாலை அந்தச் சேகரத்தை வாங்கி, நல்ல வேளையாகச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி நகல் எடுத்திருக்கிறார்கள். இலங்கையில் கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய லயத்தையே தொழிலாளர் காட்சிச்சாலையாக 2007-இல் திறந்தார்கள். கொழுந்துக் கூடையும் ராந்தலும் தகரத் துண்டும் அங்கே மரியாதையோடு இருக்கின்றன.

ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதில் உள்ள ஆபத்தையும் நாம் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 மே மாதக் கடைசி இரவில் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. 2005 முதல் 'நூலகம்' என்ற பெயரிலேயே இலங்கைத் தமிழ் அச்செழுத்தையெல்லாம் நகலெடுத்து எண்ம வடிவில் சேர்த்து வருகிறார்கள். நெருப்புக்கு எதிராக ஏழைகள் கண்டுபிடித்த ஒரே உபாயம் பிரதி எடுப்பதுதான்.

*

இத்தனை ஞானத்தோடு மறுபடியும் கோத்தகிரிக்குப் போனேன். "அம்மா, இந்தத் தகரத் துண்டையும் அட்டையையும் படத்தையும் ஒரு காப்பகத்தில் கொடுத்துவிடலாம். நூறு வருஷம் பத்திரமாக இருக்கும்" என்று நயமாகச் சொன்னேன்.

அவர் பெட்டியைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"என் பேத்திக்குச் சாதிச் சர்ட்டிபிகேட் வாங்கப் போனப்ப என்ன கேட்டாங்க தெரியுமா? இந்த அட்டையத்தான். இதைக் குடுத்துட்டு, நாளைக்கு எவனாச்சும் வந்து நீ யாரு, எங்கேருந்து வந்தேன்னு கேட்டா நான் யாரைப் போயிக் கூப்பிடுறது தம்பி?"

எனக்குப் பதில் இல்லை. நமக்கு அது சரித்திரம். அவருக்கு அது இன்னும் அத்தாட்சி. தாத்தா ஒரு தகரத் துண்டைச் சாட்சியாக வைத்திருந்தார். தகப்பனார் ஒரு காகிதம் இல்லாமல் தோற்றார். பேத்தி பெட்டியைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார். இதில் தவறு என்ன? காப்பகத்தார் வந்து கேட்டால் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? ஆகவே மூலம் அவரிடமே இருக்கட்டும், பிரதி மட்டும் வெளியே போகட்டும் என்று ராஜி செய்துகொண்டோம். மேஜைமேல் வைத்து நல்ல வெளிச்சத்தில் மூன்றையும் இருபுறமும் படம் எடுத்தேன். அச்சுப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை போனேன்.

வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை இவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். அதில் இருப்பது அரசர்களின் சரித்திரம் அல்லவென்று எறிந்துவிடாதீர்கள். பழைய ரயில் டிக்கெட்டும் கப்பல் சீட்டும் ரேஷன் கார்டும் ஒரு நாள் பேசும். முக்கியமாக, பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே படங்களின் பின்புறம் பெயர்களை எழுதி வையுங்கள். பேனாவால் வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பெயர் தெரிந்த கடைசி மனிதர் போய்விட்டால் அந்தப் படமும் சங்குக் கடைப் படமாகிவிடும்.

அந்த அம்மாள் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறம் நான் பெயர்களை எழுதினேன். அப்பா, அம்மா, சித்தப்பா, தம்பிகள் இருவர், அவர். ஆறு பெயர் ஆயிற்று. ஏழாவது பெயருக்கு வந்ததும், "குடுங்க தம்பி" என்று பென்சிலை வாங்கிக்கொண்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். ஒவ்வோர் எழுத்தாக, வெகு நேரம் எடுத்துக்கொண்டு எழுதினார். எழுதிவிட்டு, பக்கத்தில் 'அண்ணே' என்றும் சேர்த்தார்.

அந்தப் பெயரை நான் இங்கே அச்சில் போடவில்லை, அது அவருடையது. ஆனால் பிரதி இருக்கும் இடத்தில் அது இருக்கிறது. என்றைக்காவது வவுனியாப் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் தேடினால் அகப்படும்.

நான் விடைபெற்று எழுந்தபோது அவர் கேட்டார்: "உங்க கதையில மண்டபத்தைச் சேத்துட்டீங்களா?"

"புத்தகமாக வரும்போது சேர்த்துவிடுகிறேன், அம்மா" என்றேன்.

சேர்த்துவிட்டேன்.